தெரிந்தவர்கள் நடத்தும் வங்கி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வர்த்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்): என் கணவர் காலமானபின் வந்த தொகையில் 4,80,000 ராண்ட் என்னிடம் இருக்கிறது. நம்மவர்கள் சிலர் நிர்வாகத்தில் உள்ள ஒரு சிறிய வங்கியில், ஓராண்டு வைப்புக்குப் பெரிய வங்கிகளைவிட இரண்டரை சதவீதம் கூடுதலாக வட்டி தருகிறார்கள். அதன் மேலாளரை முப்பது ஆண்டுகளாகத் தெரியும். காவடித் திருவிழா அன்னதானத்துக்கு எங்களோடு உட்கார்ந்து காய் நறுக்கியவர். என் மகன் வேண்டாம் என்கிறான். ஒரு சிறிய வங்கி திடமானதா, நம்பத்தக்கதா என்பதை என்னைப் போன்றவர் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: அம்மா, மேலாளர் நல்லவரா என்பதற்கு உங்களிடம் முப்பது ஆண்டுச் சான்று இருக்கிறது. வங்கி திடமானதா என்பதற்கு இதுவரை ஒரு சான்றும் இல்லை. நல்ல மனிதர் ஒருவர் பலவீனமான வங்கியில், அதன் பலவீனம் தமக்கே தெரியாமல் வேலை பார்க்கக்கூடும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நான் சிறுவனாக இருந்தபோது என் தந்தை தம் சேமிப்பை ஊரில் எல்லாரும் நம்பிய ஒரு சிறு நிதி நிறுவனத்தில் வைத்திருந்தார். அது கதவைச் சாத்திய நாளில், மழைக்காகப் பாஸ்புத்தகத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் சுற்றிக்கொண்டு வரிசையில் நின்றார், கூடவே நான். கம்பிக் கதவுக்கு உள்ளே நின்ற எழுத்தர் எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை. 'அங்கிள், திங்கட்கிழமை வாங்க' என்று அவர் சொன்னபோது அவர் கண்களும் கலங்கித்தான் இருந்தன. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது, அவ்வளவுதான். ஆகவே உங்கள் மேலாளரை ஐயப்படாமலேயே வங்கியை மட்டும் சோதிப்பது எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் அந்த நிறுவனம் சட்டப்படி வங்கிதானா என்று பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் பொதுமக்களிடம் வைப்பு வாங்குவதற்கு 1990-ஆம் ஆண்டு வங்கிச் சட்டம், 1993-ஆம் ஆண்டு மியூச்சுவல் வங்கிச் சட்டம் (மியூச்சுவல் வங்கி என்பது அதன் உறுப்பினர்களுக்கே சொந்தமானது), 2007-ஆம் ஆண்டு கூட்டுறவு வங்கிச் சட்டம் என்று மூன்று வழிகள் உண்டு. இவற்றில் ஏதேனும் ஒன்றின் கீழ்ப் பதிவுபெற்றவற்றின் பட்டியலை, ரிசர்வ் வங்கிக்குள் 2018 முதல் இயங்கும் புருடென்ஷியல் அதாரிட்டி என்ற கண்காணிப்பு அமைப்பு வைத்திருக்கிறது. ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். பலகையில் உள்ள பெயரும் பட்டியலில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு குழுமத்தில் ஒரு நிறுவனம் பதிவுபெற்றிருக்க, அதே பெயரின் சாயலில் உள்ள வேறொரு நிறுவனத்துக்கு உங்கள் பணம் போவதுண்டு.

கட்டடமும் ஏடிஎம் இயந்திரமும் அரசின் பெயரும் ஒரு நிறுவனத்தை வங்கியாக்கிவிடுவதில்லை என்பதை நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் இத்தாலா நிறுவனத்தின் வாயிலாகவே கண்டோம். மாகாண அரசுக்குச் சொந்தமான அந்த நிறுவனம் பல ஆண்டுகளாக வங்கி உரிமம் இல்லாமல், சட்டவிலக்கு ஒன்றின் பேரில் வைப்பு வாங்கிவந்தது. 2023 டிசம்பரில் அந்த விலக்கு முடிந்தது, 2025 ஜனவரியில் அதைக் கலைக்கக் கோரிக் கண்காணிப்பு அமைப்பு நீதிமன்றம் சென்றது, கணக்குகள் முடக்கப்பட்டன. அரசாங்கமே பின்னால் நிற்கிறது என்று எண்ணியிருந்த ஓய்வூதியர்கள் தங்கள் சொந்தப் பணத்தை எடுக்க முடியாமல் தவித்தார்கள்.

பதிவுபெற்ற வங்கி என்று தெரிந்தால், அடுத்து உங்கள் தொகையைப் பாருங்கள். 2024 ஏப்ரல் 1 முதல் இந்நாட்டில் வைப்புக் காப்பீட்டுக் கழகம் செயல்படுகிறது. பதிவுபெற்ற வங்கி ஒன்று வீழ்ந்தால், ஒரு வங்கியில் ஒருவருக்கு 1 லட்சம் ராண்ட் வரை அது ஈடு செய்யும். வணிக வங்கி, மியூச்சுவல் வங்கி, கூட்டுறவு வங்கி ஆகிய மூன்றுக்கும் இது பொருந்தும். நீங்கள் தனியாக விண்ணப்பிக்கவோ கட்டணம் செலுத்தவோ வேண்டியதில்லை. ஆனால் ஒரே வங்கியில் நான்கு கணக்குகள் திறந்தாலும் வரம்பு அதே 1 லட்சந்தான். 4,80,000 ராண்டையும் ஓரிடத்தில் வைத்தால் 3,80,000 ராண்ட் காப்பீட்டுக்கு வெளியே நிற்கிறது. இரண்டரை சதவீதக் கூடுதல் வட்டி என்பது உங்கள் தொகைக்கு ஆண்டுக்கு 12,000 ராண்ட். அந்த 12,000 ராண்டுக்காக 3,80,000 ராண்டைக் காப்பில்லாமல் விடுவது தகுமா என்பதே நீங்கள் எடுக்கவேண்டிய முடிவு.

இன்னொன்றையும் கையெழுத்திடுமுன் கேளுங்கள்: உங்களுக்குத் தருவது வைப்பா, பங்கா? மியூச்சுவல் வங்கிகளும் கூட்டுறவு வங்கிகளும் உறுப்பினர்களுக்குப் பங்குகளும் விற்கின்றன. அவற்றுள் சில, குறிப்பிட்ட காலத்துக்கு உரியவையாக இருப்பதால் பார்வைக்கு வைப்பு போலவே தோன்றும். வைப்பு என்பது வங்கி உங்களுக்குப் பட்ட கடன். பங்கு என்பது நட்டத்தை முதலில் தாங்கும் மூலதனம். வங்கி கலையும்போது வைப்பாளர்கள் வாங்கியபின் மிஞ்சினால்தான் பங்குதாரருக்குக் கிடைக்கும். கூடுதல் வட்டிக்குக் காரணம் சில சமயம் இதுவாகவே இருக்கும்.

இனி ஆண்டறிக்கைக்கு வருவோம். எண்களைக் கண்டு நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஐந்தாம் வகுப்புக் கணக்கே போதும். ஒரு சிறு வங்கியின் எடுத்துக்காட்டுக் கணக்கை எடுத்துக்கொள்வோம். வைப்புகள் 8.5 கோடி ராண்ட். வங்கியின் சொந்த மூலதனம் 90 லட்சம். ஆக மொத்தம் 9.4 கோடி. இதில் 7 கோடி கடனாக வெளியே போயிருக்கிறது. வராது என்று கருதி 15 லட்சம் ஒதுக்கியிருப்பதால் கணக்கில் அது 6.85 கோடியாக நிற்கிறது. ரொக்கமாகவும் உடனே எடுக்கத்தக்க முதலீடாகவும் 1.7 கோடி, கட்டடமும் தளவாடமும் 85 லட்சம். மொத்தச் சொத்தில் மூலதனம் ஏறத்தாழ 9.6 சதவீதம். 'எங்கள் மூலதனம் பத்து சதவீதத்தை நெருங்குகிறது' என்று தலைவர் உரையில் பெருமையாக எழுதுவார்கள்.

அதே அறிக்கையின் பின்பக்கங்களில், சிறிய எழுத்தில், 90 நாட்களுக்கு மேல் தவணை நிலுவையில் உள்ள கடன்கள் 60 லட்சம் என்று இருக்கும். அதற்கு ஒதுக்கியது 15 லட்சம் மட்டுமே. மீதி 45 லட்சமும் வராமற்போனால் 90 லட்ச மூலதனம் பாதியாகிவிடும். இன்னும் ஒரு பக்கம் புரட்டினால், மிகப் பெரிய கடனாளி ஒருவரே 30 லட்சம் வாங்கியிருப்பது தெரியும். இன்று அவர் ஒழுங்காகக் கட்டிவருகிறார்; நாளை அவருடைய தொழில் படுத்துவிட்டால் மூலதனத்தில் மிஞ்சுவது 15 லட்சம். 8.5 கோடி வைப்புக்கு 15 லட்சம் என்பது கட்டடமும் தளவாடமும் ஐந்தில் ஒரு பங்கு மதிப்பிழந்தாலே கரையும் தொகை. வாராக் கடனை மூலதனத்தோடும் ஒதுக்கீட்டோடும் ஒப்பிடுங்கள்: இங்கே 60-ஐ 105-ஆல் வகுத்தால் 57 சதவீதம் வருகிறது. இந்த விகிதம் நூறை நெருங்க நெருங்க வங்கி தன் சொந்தக் காலில் நிற்பது அரிது. 57 என்பதே என் கணிப்பில் கவலைக்குரியது. அதைவிட, மூன்றாண்டு அறிக்கைகளை அருகருகே வைத்து அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பது நல்லது.

என்னைக் கேட்டால், நான் ஒரே ஒரு பக்கத்தைத்தான் படிக்க முடியும் என்றால், 'தொடர்புடைய தரப்பினர்' என்ற குறிப்பு உள்ள பக்கத்தையே படிப்பேன். இயக்குநர்கள், அவர்களுடைய குடும்பத்தார், அவர்களுடைய கம்பெனிகள் ஆகியோருக்கு வங்கி எவ்வளவு கடன் கொடுத்திருக்கிறது என்பது அங்கே இருக்கும். பெரிய வங்கிகள் சாய்வதற்குப் பல காரணங்கள் உண்டு. சமூக வங்கிகள் சாய்ந்ததை ஆராய்ந்தால், வைப்பாளர் பணம் நிர்வாகத்தின் கைக்குள்ளேயே சுற்றிய கதையைத் திரும்பத் திரும்பக் காண்கிறோம். நம் நாட்டில் 1997-இல் இஸ்லாமிக் வங்கி வீழ்ந்தபோது நிர்வாகத்தைச் சேர்ந்தவர்களுக்கே கடன் கொடுத்ததும் இடர்களைக் கவனியாததும் காரணங்களாகக் கூறப்பட்டன. டர்பனில் இந்தியச் சமூகத்தின் வங்கியாக வளர்ந்த நியூ ரிபப்ளிக் வங்கியும் 1999-இல் வெளி நிர்வாகியின் (தடுமாறும் வங்கியை எடுத்து நடத்த வெளியிலிருந்து நியமிக்கப்படுபவர்) கைக்குப் போனது.

விபிஎஸ் மியூச்சுவல் வங்கியை எல்லாருக்கும் நினைவிருக்கும். 1982-இல் வெண்டா வீட்டுக் கடன் சங்கமாகத் தொடங்கிய அது, லிம்போப்போ மாகாணக் கிராமத்து மூதாட்டிகள் சீட்டுப் பணத்தைக் கொண்டுபோய் வைக்கும் இடமாக இருந்தது. 2018 மார்ச்சில் அதை வெளி நிர்வாகியிடம் ஒப்படைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வழக்கறிஞர் டெரி மொட்டாவு அளித்த விசாரணை அறிக்கை, ஏறத்தாழ 190 கோடி ராண்ட் ஐம்பதுக்கும் மேற்பட்டோரின் கைக்குப் போனதைப் பெயர் பெயராக எடுத்துரைத்தது. அதன் முன்னாள் தலைவர் 2024-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 15 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். வைப்புக் காப்பீடு அன்று இல்லை. அரசு தனியே உத்தரவாதம் அளித்ததால் தனிநபர் வைப்பாளர்களுக்கு 1 லட்சம் ராண்ட் வரை கிடைத்தது. அதற்கு மேல் வைத்தவர்கள் வழி பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தது.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். விபிஎஸ் வங்கியின் கணக்கைப் பெயர்பெற்ற தணிக்கை நிறுவனம் ஒன்று குறையில்லை என்று சான்றளித்திருந்தது; பிறகுதான் அந்தச் சான்றைத் திரும்பப் பெற்றது. புத்தகத்தில் இருந்த பணமே பொய்யாக எழுதப்பட்டிருந்தால் நான் மேலே சொன்ன வகுத்தல் கணக்கால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே எண்களோடு நடத்தையையும் சேர்த்துப் பாருங்கள். ஆண்டறிக்கை உரிய காலத்தில் வெளிவருகிறதா? தணிக்கையாளர் அடிக்கடி மாறுகிறாரா? வங்கி தொடர்ந்து இயங்கும் ஆற்றலைப் பற்றித் தணிக்கையாளர் ஏதேனும் ஐயம் எழுப்பியிருக்கிறாரா? சில ஆண்டுகளிலேயே வைப்பும் கடனும் இரண்டு மூன்று மடங்காகப் பெருத்திருக்கின்றனவா? வேகமாகப் பெருக்கும் வங்கிக்குப் பணம் தேவை; பணத்தேவை உள்ளவர்தான் சந்தையைவிட அதிக வட்டி தருவார். அரை சதவீதம் கூடுதல் என்றால் சிறு வங்கி வாடிக்கையாளரை ஈர்ப்பதற்குத் தருவது என்று கொள்ளலாம். இரண்டரை சதவீதம் என்றால், அவ்வளவு வட்டி கொடுத்து வாங்கிய பணத்தை அதைவிட உயர்ந்த எந்த வட்டிக்கு, யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கேட்க இடமும் உண்டு. கூட்டுறவு வங்கியில் உறுப்பினர் ஒருவருக்கு ஒரு வாக்கு. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று 'இயக்குநர்களுக்குக் கொடுத்த கடன் எவ்வளவு, அதில் நிலுவை எவ்வளவு' என்று கேட்கலாம். பெரிய வங்கியின் கோடிக்கணக்கான வாடிக்கையாளர்களுள் ஒருவராக இருந்து நீங்கள் இதைக் கேட்க முடியாது. சிறு வங்கியின் உண்மையான மேன்மை இதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் நம் கூட்டங்களில் அறிக்கையை வாசித்ததாகவே வைத்துக்கொண்டு தேநீருக்கு எழுந்துவிடுகிறோம். தெரிந்தவரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணுகிறோம். உங்கள் மேலாளரிடம் மூன்றாண்டு அறிக்கைகளைக் கேளுங்கள், அம்மா. மகிழ்ச்சியோடு எடுத்துத் தந்து உட்காரவைத்து விளக்கினால் அது நல்ல அறிகுறி. 'என் மேல் நம்பிக்கை இல்லையா?' என்று அவர் திருப்பிக் கேட்டால், பணத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் அங்கே வட்டியும் சேர்த்து 1 லட்சத்தைத் தாண்டாதபடி, 90,000 ராண்ட் அளவில் வையுங்கள். மற்றதைப் பிற வங்கிகளில் பிரித்து வையுங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள். இது கணவர் விட்டுச் சென்ற பணம். உங்கள் மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

கேள்வி (டொங்காட்டிலிருந்து கோயில் சபைப் பொருளாளர் ஒருவர்): கோபுரத் திருப்பணிக்குச் சேர்த்த 6 லட்சம் ராண்டை நம் சமூகத்தார் நடத்தும் சிறிய வங்கியில் வைக்கலாம் என்று சபையில் சிலர் சொல்கிறார்கள். அறங்காவலர்கள் ஆறு பேர் என்பதால் ஆளுக்கு 1 லட்சம் வீதம் முழுத்தொகைக்கும் காப்பீடு கிடைக்கும் என்பது அவர்கள் வாதம். சரியா?

பதில்: சரியன்று, ஐயா. கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரே வைப்பாளர். கோயில் சபையின் பெயரில் உள்ள கணக்குக்குக் கோயில் சபை ஒன்றுதான் வைப்பாளர். ஆறு பேர் கையெழுத்திட்டாலும் அது ஆறு கணக்காகாது. அதற்காகப் பணத்தை ஆறு பேரின் சொந்தப் பெயர்களில் பிரித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அதற்கு ஒருபோதும் இணங்காதீர்கள். அறங்காவலர் ஒருவர் காலமானாலோ கடனில் சிக்கினாலோ அந்தத் தொகை கோயிலுடையது என்று நிறுவுவதற்கே நீதிமன்றப் படியேற வேண்டிவரும்.

விபிஎஸ் வீழ்ச்சியில் பல நகராட்சிகளின் பணமும் போனது. நூறு கோடி ராண்டுக்கும் மேல். நகராட்சிகள் மியூச்சுவல் வங்கியில் பணம் வைப்பதை நிதி மேலாண்மைச் சட்டம் அனுமதிக்கவில்லை, அப்படியிருந்தும் வைத்தார்கள். தண்ணீருக்கும் சாலைக்கும் ஒதுக்கிய பணம் அது. பொதுப் பணத்தைக் காப்பவர் தம் சொந்தப் பணத்தில் காட்டும் துணிவைக் காட்டக்கூடாது. உங்கள் சபையின் சட்டதிட்டங்களில் முதலீடு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படியுங்கள். எங்கே, எவ்வளவு, எதற்காக வைக்கிறோம் என்பதைத் தீர்மானமாக எழுதி அனைவரும் கையொப்பமிடுங்கள். சபை உறுப்பினர் எவரேனும் அந்த வங்கியின் இயக்குநராகவோ கடனாளியாகவோ இருந்தால், தீர்மானத்தின்போது அவர் வெளியே இருக்க வேண்டும். அதையும் குறிப்பில் எழுதுங்கள். திருப்பணிக்கு எந்த மாதம் சிற்பிகளுக்குப் பணம் தர வேண்டும் என்று கணக்கிட்டு, அதற்கு முன்பே முதிரும் வைப்புகளாக, பல வங்கிகளில் வைப்பதே தக்கது.

கேள்வி (ஜோகன்னஸ்பர்கிலிருந்து, தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்துள்ள இளைஞர்): இங்கே நண்பர்கள் நாற்பது பேர் வாட்சாப் குழுவில் மாதச் சீட்டு நடத்துகிறோம். ஸ்டாக்வெல் (இந்நாட்டில் சீட்டுக் குழுவுக்கு வழங்கும் பெயர்) சட்டப்படி சரிதான் என்கிறார்கள். அப்படியானால் இதுவும் பாதுகாப்பானதுதானே?

பதில்: தம்பி, சட்டம் அனுமதிப்பதும் சட்டம் காப்பதும் வேறு வேறு. ஒருவரையொருவர் அறிந்த குழுவினர் தமக்குள் சேமித்துச் சுழற்றிக்கொள்வதற்கு வங்கிச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஊரில் நம் வீட்டுப் பெண்கள் பிடித்த சீட்டும் இதே வகைதான். ஆனால் சீட்டுக்குக் காப்பீடு இல்லை. பணம் ஒருவருடைய சொந்தக் கணக்கில் சேர்கிறதா, குழுவின் பெயரில் இருவர் கையெழுத்தோடு திறந்த கணக்கில் சேர்கிறதா என்பதே முதற்கேள்வி. முன்னதாக இருந்தால் இந்த மாதமே மாற்றுங்கள். முகந்தெரியாதவர்களை வட்டி காட்டிச் சேர்க்கத் தொடங்கிவிட்டால் அது சீட்டும் ஆகாது, விலக்கும் பொருந்தாது.

கேள்வி (பீனிக்ஸிலிருந்து ஒரு வாசகி): நான் 70,000 ராண்ட் வைத்திருக்கும் சிறு வங்கியைப் பற்றிச் சந்தையில் ஏதேதோ பேசிக்கொள்கிறார்கள். வைப்பு முதிர ஐந்து மாதம் இருக்கிறது. இப்போதே உடைத்து எடுத்துவிடவா?

பதில்: வதந்தி எந்த வங்கிக்கும் ஆபத்தானது. வைப்பு குறுகிய காலத்துக்கு வருகிறது, கடன் நீண்ட காலத்துக்குப் போகிறது; ஆகவே எல்லாரும் ஒரே வாரத்தில் வந்து நின்றால் திடமான வங்கிகூடத் தடுமாறும். நான் மேலே காட்டிய எடுத்துக்காட்டு வங்கியில் 8.5 கோடி வைப்புக்கு உடனே கிடைக்கும் பணம் 1.7 கோடிதான், ஐந்தில் ஒருவர் முழுத்தொகையையும் கேட்டாலே பெட்டி காலி. 2002 பிப்ரவரியில் சாம்பூ வங்கியிலிருந்து வைப்பாளர்கள் விரைந்து பணத்தை எடுத்தபோது சில நாட்களில் அது வெளி நிர்வாகியிடம் போயிற்று.

உங்கள் நிலையில் பதற்றத்துக்குக் காரணம் இல்லை. அது பதிவுபெற்ற வங்கியாகவும், உங்களுடையது பங்காக இல்லாமல் வைப்பாகவும் இருந்தால், 70,000 ராண்டும் வட்டியும் காப்பீட்டு வரம்புக்குள் அடங்குகின்றன. முன்கூட்டியே உடைத்தால் அபராதமாக எவ்வளவு இழப்பீர்கள் என்பதை வைப்பின் நிபந்தனைகளில் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். இன்றே செய்யவேண்டிய வேலை வேறொன்று: வைப்பு ரசீதையும் கடைசியாக வந்த கணக்கு விவரத்தையும் எடுத்து, அவற்றில் உங்கள் பெயரும் அடையாள எண்ணும் சரியாக இருக்கின்றனவா, வங்கியிடம் உள்ள உங்கள் தொலைபேசி எண் இப்போதையதுதானா என்று பாருங்கள். ஈட்டுத்தொகை கொடுக்கும் நேரம் வந்தால், வங்கியின் பதிவேட்டில் உள்ள விவரங்களைக் கொண்டுதான் உங்களைத் தேடுவார்கள்.